பன்னிரண்டாயிரம் சுற்று மாப்பிள்ளை

"நாலு மணிக்கு வண்டி வந்துடும். அதுக்குள்ள கண்டுபிடிச்சிடுங்க," என்றாள் வீட்டம்மா, கதவைத் திறந்த கையோடு.

"வணக்கம்," என்றாள் அண்ணி.

"அட, அதை மறந்தே போனேன். வணக்கம். உள்ளே வாங்க. செருப்பை அங்கே விடாதீங்க, அது எங்க வீட்டுக்காரர் இடம். அந்தப் பக்கமும் வேண்டாம், அது மாப்பிள்ளை இடம். நடுவுல விடுங்க."

அண்ணி தன் செருப்பை எல்லைக் கோட்டில் கவனமாக விட்டாள். பன்னிரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்து, தானாகத் தீப்பிடித்த கடைகளையும் தானாகக் காணாமல் போன வண்டிகளையும் விசாரித்தவள் அவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். கூட வந்திருப்பவள் அவளுடைய நாத்தனார். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். விடுமுறை நாட்களில் துப்பறியும் உதவியாளர். எல்லா நாட்களிலும் வாய் ஓயாதவள். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்கள் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் துப்பறிவாளரின் பெயர் 'அண்ணி' என்றாகிவிட்டது.

"வண்டி எதுக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

"மாடியில என் பொண்ணும் மாப்பிள்ளையும் மூட்டை கட்டிட்டு இருக்காங்க. கீழே இவர் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துட்டு இருக்கார். ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்னு மூணு வாரம் ஆச்சு. 'உப்பு வேணுமான்னு கேளு', 'போதும்னு சொல்லு', எல்லாம் என் வழியாத்தான்."

"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்," என்றாள் பாட்டு டீச்சர்.

"அதுக்காவது ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வேற ஆள் உண்டும்மா."

சண்டைக்குக் காரணம் மரம் செதுக்கும் ஒரு மெஷின். வீட்டம்மாவின் கணவர் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்னறையில் சொந்தமாக ஒரு சி.என்.சி. ரூட்டர் கட்டியிருந்தார். கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கொடுத்தால், மேலே தொங்கும் மோட்டார் பலகையின் மீது அங்குமிங்கும் நகர்ந்து, 'பிட்' என்ற சுழலும் வெட்டுமுனையால் அந்த எழுத்தைச் செதுக்கும். மூன்று வாரத்துக்கு முன் சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை, "மாமா, உங்க மோட்டார்ல இருக்கிற ஸ்பீடு டயல் வெறும் அலங்காரம். பலகைல இறங்கினதும் வேகம் படுத்துடுது," என்று சொல்லிவிட்டார். மாமனார் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தவர்தான்.

"மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். மோட்டார்னா அவருக்கு உயிர். சமாதானமா இருக்கட்டும்னு, போன வாரம் இவர் வெளியே போயிருந்த நேரத்துல அந்த மோட்டாருக்கு எலெக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோல் மாட்டிக் கொடுத்தார். முதல் நாள் அற்புதமா ஓடுச்சு. மறுநாள்லேர்ந்து தினம் ஒரு பலகை நாசம். மாப்பிள்ளை வேணும்னே கெடுக்கிறார்னு இவர் சொல்றார். நேத்து சாயங்காலம் மெஷின் பக்கத்துல, கையில தின்னர் பாட்டிலும் துணியுமா மாப்பிள்ளையைப் பிடிச்சுட்டார். 'நாளைக்கும் பலகை கெட்டா இந்த வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லு'ன்னார். சொன்னேன்."

"இன்னைக்குக் கெட்டுச்சா?"

"பத்தரை மணிக்கு," என்று மூக்கை உறிஞ்சினாள் வீட்டம்மா. "என் பொண்ணு போனா இந்த வீட்ல நானும் இவரும் அந்த மெஷினும்தான். அதுல மெஷின் ஒண்ணுதான் பேச்சுத் துணை."

*

பின்னறையில் ஸ்டோர்காரர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஸ்பேனர்கள், அளவு வாரியாக. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு வெள்ளைப் பெயிண்ட் புள்ளி. சுத்தியலில் புள்ளி. குறட்டில் புள்ளி. துடைப்பத்தின் கைப்பிடியிலும் ஒன்று.

"அம்மை போட்டிருக்கா?" என்று கிசுகிசுத்தாள் பாட்டு டீச்சர்.

"சும்மா இருடி."

"பாருங்க," என்று சுவரோரம் சாத்தியிருந்த ஆறு பலகைகளைக் காட்டினார் ஸ்டோர்காரர். பக்கத்துத் தெருவில் நாளன்றைக்குத் திறக்கப் போகும் நூலகத்துக்கான பெயர்ப்பலகை அது. ஆறிலும் 'நூ' மட்டும் பளிங்கு போல இருந்தது. 'ல'வில் மரம் பிய்ந்து நார் நாராக நின்றது. 'க'வை எட்டிய பலகை இரண்டுதான். இரண்டிலும் பிட் முறிந்து உள்ளேயே கிடந்தது.

"தினமும் 'நூ' நல்லா வருது. அப்புறம் கெடுது," என்றாள் அண்ணி மெல்ல.

"அவன் அப்படி செட் பண்ணி வச்சிருக்கான். முதல்ல ஆசை காட்டி, அப்புறம் காலை வாரி விடறது. லிஃப்ட்காரன் புத்தி. மேலே ஏத்திட்டு நடுவுல நிறுத்தறது."

"'நூ' முடியறப்ப மணி என்ன இருக்கும்?"

"பத்து. ஒன்பதரைக்கு ஆரம்பிப்பேன். பத்துக்கு மெஷினை நிறுத்தி வச்சுட்டு ஸ்டோர் பார்ப்பேன். பத்தே காலுக்குத் திரும்ப ஓட்டுவேன்."

"வேகம் குறையுதா?"

"அங்கேதான் அவன் கெட்டிக்காரத்தனம் இருக்கு." ஸ்டோர்காரர் மெஷினை ஓட விட்டார். மோட்டார் உறுமியது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஒளிர்ந்தன: 12000. "பன்னிரண்டாயிரம் சுத்து வச்சேன். பன்னிரண்டாயிரம்தான் காட்டுது. கெடும்போதும் இதே நம்பர்தான். ஒரு சுத்து கூடக் குறையலை. அப்ப கோளாறு வேகத்துல இல்லை. வேற எதையோ பண்றான். இதோட நிக்கலை. என் சாமான்ல நான் வச்ச அடையாளத்தைக்கூட அழிக்கிறான். தின்னர் எதுக்குன்னு நினைச்சீங்க?"

"சத்தத்துல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் இதை மாட்டிக்குவேன்." ஆணியில் தொங்கிய காது மூடியைக் காட்டினார். அதிலும் இரண்டு பக்கமும் புள்ளி.

"இடது காது, வலது காது தனித்தனியா தொலைஞ்சுட்டா?" என்றாள் பாட்டு டீச்சர்.

"முன்னேற்பாடு," என்றார் ஸ்டோர்காரர் கொஞ்சமும் சிரிக்காமல்.

*

மாடியில் மாப்பிள்ளை ஒரு மின்விசிறியைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். உயரமான, சாந்தமான மனிதர். மகள் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே அடுக்கியதில் கரண்டிகளெல்லாம் தலையணை உறைக்குள் போயிருந்தன.

"தின்னரால எதை அழிச்சீங்க?" நேராகக் கேட்டாள் அண்ணி.

மாப்பிள்ளை போர்வைக்கு முடிச்சுப் போட்டார். "அது மாமாவுக்கே தெரியும்."

"எங்களுக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? ஒருத்தருக்கு நாம வேண்டாம்னா, அதைப் போய் நிரூபிக்கச் சொல்லி ஆள் வைக்கறதா? கிளம்பிட்டுப் போறோம்."

அவர் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

"இப்படித்தான் இருக்கார்," என்றாள் மகள். "நல்லது செய்யணும்னுதான் செஞ்சார். முதல் நாள் ஓடினப்ப அப்பா முகத்தைப் பார்க்கணுமே. சிரிக்கலை, ஆனா சிரிக்காம இருக்கக் கஷ்டப்பட்டார். நான் வீடியோ கூட எடுத்தேன்."

போனில் வீடியோ ஓடியது. மெஷின், சிவப்பு எண்கள், 12000. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி ஸ்டோர்காரர். இருபது விநாடி. அவ்வளவுதான்.

"பிரயோஜனமில்லை," என்றாள் அண்ணி. "கீழே பார்த்த அதே மெஷின், அதே நம்பர்."

"ஆனா அதே சுருதி இல்லை," என்றாள் பாட்டு டீச்சர்.

முதல் முறையாக அவள் முகத்தில் கேலி இல்லை. "இன்னொரு தடவை போடுங்க." கண்ணை மூடிக்கொண்டு வீடியோவின் சத்தத்தோடு 'ம்ம்ம்' என்று குரலைச் சேர்த்தாள். அப்படியே, அந்த 'ம்ம்ம்'மை விடாமல், ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். அண்ணி பின்னால் ஓடினாள். மகள் போனோடு ஓடினாள். வழியில் நின்ற வீட்டம்மா, "வயித்து வலியா?" என்று கேட்டுவிட்டு அவளும் ஓடினாள்.

"மெஷினைப் போடுங்க!" என்றாள் அண்ணி.

ஸ்டோர்காரர் போட்டார். மோட்டார் உறுமியது. பாட்டு டீச்சரின் 'ம்ம்ம்' அதற்கு மேலே, தலைக்கு மேல் பிடித்த குடை போல, தனியாக நின்றது. பிறகு அவள் தன் குரலை அப்படியே கீழ் ஸ்தாயிக்கு இறக்கினாள். குரலும் மோட்டாரும் ஒட்டிக்கொண்டன. எது மெஷின், எது டீச்சர் என்று பிரிக்க முடியவில்லை.

"அதே ஸ்வரம்தான் அண்ணி," என்றாள் மூச்சு வாங்க. "ஆனா சரியா ஒரு ஸ்தாயி கீழே. அரைக்கால் சுருதி அப்படி இப்படி இல்லை. ஸ்தாயி ஒண்ணு இறங்குதுன்னா வேகம் பாதின்னு அர்த்தம். இது பன்னிரண்டாயிரம் இல்லை. ஆறாயிரம்."

"நம்பர் பன்னிரண்டாயிரம் காட்டுதே!" என்றார் ஸ்டோர்காரர்.

"நம்பர் பொய் சொல்லுது."

"மெஷின் பொய் சொல்லாது."

"அப்ப யாரோ அதுகிட்டப் பொய் சொல்லியிருக்காங்க," என்றாள் அண்ணி.

அவள் கண்கள் சுருங்கின. இன்சூரன்ஸ் கம்பெனியில் அந்தப் பார்வையைக் கண்டால் கடைக்காரர்கள் தண்ணீர் கேட்பார்கள். "ஒரு கோளாறு வந்தா வேகம் ஏறும், இறங்கும், தள்ளாடும். கணக்கா பாதியில வந்து நிக்காது. இது கோளாறு இல்லை. ஒண்ணை யாரோ ரெண்டா எண்ணிட்டு இருக்காங்க. ஐயா, தினம் பத்து மணிக்கு ஸ்டோர் பார்ப்பேன்னீங்களே. அப்ப என்ன செய்வீங்க? சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டுங்க."

ஸ்டோர்காரருக்கு முப்பது வருடப் பெருமை முகத்தில் ஏறியது. மெஷினை நிறுத்தினார். அலமாரியிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பெயிண்ட் பாட்டிலும் தூரிகையும் எடுத்தார். சுவரின் இடது மூலையில் ஆரம்பித்தார். "ஸ்பேனர், எட்டு. புள்ளி இருக்கு. ஸ்பேனர், பத்து. இருக்கு. மங்கியிருந்தா மேல ஒரு தடவை வைப்பேன். புதுசா எது உள்ள வந்தாலும் ஒரு புள்ளி. ஸ்டோர்னா அதுதான். சுத்தி, இருக்கு. குறடு, இருக்கு." சுவரை முடித்து மெஷினுக்கு வந்தார். குனிந்தார். மோட்டாரின் அடியில், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கறுப்பு நட்டைத் தன் பக்கம் திருப்பினார். "நட்டு. இருக்கு."

"நில்லுங்க!"

தூரிகை அந்தரத்தில் நின்றது.

அண்ணி மண்டியிட்டாள். நட்டின் ஒரு பக்கத்தில், அடிக்கோல் வைத்துப் போட்டது போல மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று. மறு பக்கத்தில் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டுக்கும் எதிரே, ஒரு இரும்புத் தகட்டில், கடுகளவு கறுப்புக் கண் ஒன்று நட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தப் புள்ளி?"

"என்னுது. போன வாரம் வச்சேன். அவன் தினம் அழிக்கிறான். நானும் தினம் வைக்கிறேன். நீங்களே சொல்லுங்க, என் மோட்டார்ல புது நட்டை மாட்டிட்டு, அதுல கோடு போட்டுத் தன்னுதுன்னு உரிமை கொண்டாடறான். நான் பார்த்துட்டு சும்மா இருக்கணுமா? அவன் கோடு போட்டா நான் புள்ளி வைப்பேன்."

பாட்டு டீச்சர் குனிந்து நட்டை எட்டிப் பார்த்தாள்.

"அது உரிமைக் கோடு இல்லை, மாமா."

வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார், கையில் போர்வை சுற்றிய மின்விசிறியோடு. மூன்று வாரத்தில் அவர் மாமனாரிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"அந்தக் கண் அந்தக் கோட்டைத்தான் எண்ணுது. ஒரு தடவை கோடு கண்ல பட்டா ஒரு சுத்து. பலகைல இறங்கி மோட்டார் திணறினா எண்ணிக்கை குறையும். உடனே ஸ்பீடு கன்ட்ரோல் கரண்ட்டைக் கூட்டி விட்டு வேகத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்துடும். நீங்க புள்ளி வச்சதும் சுத்துக்கு ரெண்டு வெள்ளை. ஆறாயிரம் சுத்தும்போதே அதுக்குப் பன்னிரண்டாயிரம் ஆயிடுச்சு. அதோட நிறுத்திக்குது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் மாமா. தெரிஞ்சே வைக்கிறீங்க. நான் கொடுத்தது ஓடக்கூடாதுன்னு வைக்கிறீங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினார் ஸ்டோர்காரர்.

மாப்பிள்ளை மின்விசிறியைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். அண்ணி உரக்கப் படித்தாள்.

"'வேகக் கட்டுப்பாட்டுக் கருவி: கவனிக்க வேண்டியவை. ஒன்று, கண்ணாடிக் கண்ணில் மரத்தூள் படியாமல் துடைக்கவும். இரண்டு, வயரை இழுக்க வேண்டாம். மூன்று, நட்டில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே இருக்க வேண்டும். வேறு எந்த அடையாளமும் கூடாது.'" அவள் தாளின் அடிப்பகுதியைப் பார்த்தாள். "கீழே கையெழுத்து. தேதி, நேரத்தோட."

"அத்தை மூலமாத்தான் கொடுத்தனுப்பினேன். கையெழுத்துப் போட்டு நகலைத் திருப்பி அனுப்பினார். படிச்சுட்டு, மறுநாளே புள்ளி வச்சார். நான் என்ன நினைக்கிறது?" என்றார் மாப்பிள்ளை. "ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து, தூங்காம மாட்டினேன் மாமா."

எல்லோரும் ஸ்டோர்காரரைப் பார்த்தார்கள். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்தைத் தடவினார். காது நுனி சிவந்தது.

"ஐயா," என்றாள் அண்ணி மெதுவாக, "முப்பது வருஷம் ஸ்டோர்ல இருந்தீங்க. சாமானோட ஒரு பேப்பர் வந்தா எதுக்குக் கையெழுத்துப் போடுவீங்க?"

"வந்து சேர்ந்ததுக்கு."

"படிச்சதுக்கு?"

"படிக்கிறது ஸ்டோர் வேலை இல்லையே." என்றார் அவர். "எண்ணிப் பார்த்தேன். ஒரு தாள். சரியா இருந்தது. ஃபைல்ல போட்டுட்டேன்."

"எந்த ஃபைல்?"

"வரவு."

பாட்டு டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. மகள் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கினாள். வீட்டம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நான் உங்களுக்கு எழுதின கடுதாசி எல்லாம்?"

"பத்திரமா இருக்கு," என்றார் ஸ்டோர்காரர் அவசரமாக. "ஒண்ணு கூடத் தொலையலை."

"படிச்சீங்களா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. நாலு மணி.

மாப்பிள்ளை குனிந்து மின்விசிறியைத் தூக்கினார். மகள் அப்பாவைப் பார்த்தாள். ஸ்டோர்காரர் பேனாக்களைச் சரி செய்தார். தாளைப் பையில் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். பிறகு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். அவர் குரல் உள்ளே வரை கேட்டது.

"நீங்க போகலாம். ஏத்தறதுக்கு ஒண்ணும் இல்லை... இல்லைங்க, விலாசம் சரிதான். சாமான்தான் தப்பு. தப்பா எழுதினது நான்தான்."

முப்பது வருடத்தில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்று வீட்டம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

திரும்பி வந்த ஸ்டோர்காரர் யாரையும் பார்க்கவில்லை. நேராக மேஜைக்குப் போய்த் தின்னர் பாட்டிலைத் திறந்தார். துணியை நனைத்தார். நட்டின் முன்னால் குனிந்து, தன் புள்ளியைத் தானே துடைத்தார். கோட்டின் மீது துணி படாமல் ஒரு விரலால் மறைத்துக்கொண்டு துடைத்தார். ஏழாவது பலகையை எடுத்து வைத்து இறுக்கினார். ஸ்விட்சில் கை வைத்தார். அப்படியே நின்றார்.

"அது..." என்றார் சுவரைப் பார்த்து. பிறகு திரும்பினார். "மாப்பிள்ளை, எத்தனை வைக்கட்டும்?"

மாப்பிள்ளை மின்விசிறியை மெல்லக் கீழே இறக்கினார். "பதினாலாயிரம் வைங்க மாமா. இது நல்ல கெட்டி மரம்."

"பதினாலு அதிகம். கருகிடும்."

"கருகாது. பிட்டோட நகர்வையும் சேர்த்துக் கூட்டணும்."

"கூட்டினா ஓரம் பிய்யும்."

"அது பழைய டயல்ல. அந்த டயலே..."

"டயலைப் பத்திப் பேசாதே!"

"சரி, பேசலை. ஆனா பெல்ட் லூஸா இருக்கு. அதைப் பேசலாமா? தூசி உறிஞ்சற குழாயைத் தப்பான பக்கம் வச்சிருக்கீங்க. விளக்கு உங்க கண்ல அடிக்குது, பலகைல அடிக்கலை. மூணு வாரமா சொல்லணும்னு..."

"குழாய்க்கு என்ன குறைச்சல்? குழாய்க்கு என்ன குறைச்சல்னு கேக்கறேன்!"

மோட்டார் கிளம்பியது. வீடியோவில் கேட்ட அதே உச்சத்தையும் தாண்டி அது ஏறியது. அதற்கும் மேலே இரண்டு ஆண் குரல்கள் ஏறின. ஸ்டோர்காரர் காது மூடியை எடுத்து மாட்டப் போனார். மாட்டினால் மறுபேச்சு கேட்காது என்று தோன்றியிருக்க வேண்டும், கழுத்திலேயே தொங்க விட்டுவிட்டார்.

அண்ணி வாசலில் செருப்பைத் தேடினாள். மகள் தலையணை உறைக்குள்ளிருந்து கரண்டிகளை எடுக்க மாடிக்கு ஓடினாள். வீட்டம்மா பின்னறைக் கதவைச் சாத்தப் போனவள், பாதியிலேயே கையை எடுத்துவிட்டாள்.

"இந்தச் சத்தம் ரொம்ப இருக்கேம்மா," என்றாள் பாட்டு டீச்சர். "நிறுத்தணும்னா சொல்லுங்க, தனி கேஸா எடுத்துக்கறோம்."

வீட்டம்மா ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டாள். உள்ளே, "நான் சொல்றதைக் கேளுங்க மாமா" என்றது ஒரு குரல். "நீ முதல்ல நான் சொல்றதைக் கேளு" என்றது இன்னொன்று. நடுவில் அவளைக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை.

"வேண்டாம்," என்றாள். "ஓடட்டும்."